எழுத்தும் கட்டளையும்

டெல்மர் க்விஸ்ட் கம்ப்யூட்டருக்காக எழுதிய எடிட்டர் புரோகிராமில் இரண்டு நிலைகள் இருந்தன. எழுத்து நிலையில் இருந்தால், எந்தக் கீயைத் தட்டினாலும் அது அப்படியே திரையில் எழுத்தாக விழும். கட்டளை நிலையில் இருந்தால் அதே கீ உத்தரவாகிவிடும். டி என்று தட்டினால் டி வராது. தேர்ந்தெடுத்து வைத்த வரி அழிந்துபோகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இடது மூலையில் ஒரு கீ. இப்போது எந்த நிலை என்பதைத் திரையின் அடி ஓரத்தில் சின்னதாக ஒரு சொல் காட்டிக்கொண்டிருக்கும்.

டெல்மருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை. மூன்று வருஷமாக அவன் விரல்களுக்குள் ஊறிப்போன விஷயம் அது. கீபோர்டின் நடுவிலிருந்து கையை எடுக்காமலே ஒரு பக்கத்தைப் புரட்டிப் போட்டு, வெட்டி, ஒட்டி, முடித்துவிடுவான். மலைமேல் அவன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் பின்னால் நின்று அவன் கையை வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. நாற்பத்து மூன்று வயதில் அவனை யாராவது நின்று பார்த்தார்கள் என்றால் அது இதற்காக மட்டும்தான். மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்ததாக அவனுக்கே நினைவில்லை. நாள் போய்விட்டது, அவ்வளவுதான்.

1974 இலையுதிர் காலத்தில், கூடத்தின் தலைவர் கார்வின் அபாட்டி அவனைக் கூப்பிட்டார்.

"வர்ற மார்ச்ல புத்தகக் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க, டெல்மர். உன் எடிட்டரைத்தான் காட்டப் போறேன். அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே பார்க்காத ஆளுங்களை உட்கார வச்சுப் பாரு."

"வேலை செய்யுதே, கார்வின். எத்தனை வாட்டி பார்த்தாச்சு?"

"உனக்கு வேலை செய்யுது. உன்னை மாதிரி உலகத்துல எத்தனை பேர்? ஒருத்தன். அவனையும் நான் சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்."

அபாட்டி விதிகளையும் சொல்லிவிட்டார். சோதனைக்கு வருபவர் தனி அறையில் இருப்பார். பக்கத்து அறையில் டெல்மர். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அவர் திரையில் வருவது அப்படியே இவன் திரையிலும் வரும். அவர் தட்டும் ஒவ்வொரு கீயும் நேரத்தோடு டேப்பில் பதிவாகும். இவன் தவறுகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, உதவவே கூடாது. "நீ ஒரு தடவை உதவினா அந்தச் சோதனை செத்துப்போச்சு. ஞாபகம் வச்சுக்கோ."

முதலில் வந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவள் தெல்மா ரஸ்க். ஐம்பத்திரண்டு வயது. சன்னிவேல் பக்கம் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஃபாக்டரி ஒன்றின் ஆபீஸில் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து, ஃபாக்டரி மூடியதும் தற்காலிக வேலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வருவாள். கைப்பையை நாற்காலியின் காலோடு ஒட்டி வைப்பாள், ஸ்வெட்டரின் கைகளை ஒரு மடிப்பு மேலே தள்ளுவாள், ஆரம்பிப்பாள்.

அவள் விரல்களின் வேகத்தைப் பார்த்து டெல்மர் அசந்துபோனான். ஆனால் அந்த வேகம்தான் அவளுக்கு எதிரி. டைப்பிஸ்டுகள் தாங்கள் அடிப்பதைப் பார்ப்பதில்லை. அசல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பவர்கள். கட்டளை நிலையில் இருப்பது தெரியாமல் அவள் அரை வரி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், திரையில் வரிகள் இடம் மாறியிருக்கும், பாதிச் சொல் காணாமல் போயிருக்கும். முதல் நாள் முப்பத்தோரு தவறுகள். ஒவ்வொரு தவறுக்கும் அவள் திரையைப் பார்த்து மெதுவாக, "அடடா, மன்னிச்சுக்கோ" என்றாள். கண்ணாடி வழியாகச் சத்தம் வராது. உதடு அசைவதை வைத்து டெல்மர் புரிந்துகொண்டான். கவனக்குறைவான பெண்மணி என்று மனசுக்குள் முடிவு கட்டினான்.

இரண்டாவது வாரம் அபாட்டி நோட்டைப் புரட்டினார்.

"குடுத்த பக்கத்தைப் பார்த்து அடிச்சா மெஷின் மாதிரிதான் அடிப்பாங்க. சொந்தமா ஏதாவது எழுதச் சொல்லு. மனசு வேற எங்கயோ இருக்கறப்ப விரல் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."

டெல்மர் அதை அவளிடம் போய்ச் சொன்னான். அவள் ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சொந்தமான்னா? கதையா எழுதணும்? எனக்கு அதெல்லாம் வராது, மிஸ்டர் க்விஸ்ட்."

"எது வேணாலும் எழுதுங்க, மிஸஸ் ரஸ்க். சமையல் குறிப்பு, கடுதாசி, எது வேணாலும்."

"யாராவது படிப்பாங்களா?"

"நான் தப்பை மட்டும்தான் எண்ணுவேன்" என்றான் டெல்மர்.

அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அவள் தலையாட்டினாள், அவன் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தான்.

வெகுநேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு, *அன்புள்ள வேட்* என்று வந்தது. அழிந்தது. *வேட், நான் அம்மா* என்று வந்தது. அதுவும் அழிந்தது. ஒரு மணி நேரத்தில் அந்த முதல் வரி ஒன்பது முறை வந்து ஒன்பது முறையும் போயிற்று. பத்தாவது முறை நின்றது: *அன்புள்ள வேட், இந்தக் கடிதத்தை ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.*

டெல்மர் பென்சிலைக் கீழே வைத்தான்.

அன்றும் அடுத்த சில நாட்களிலும் அவனுக்கு விஷயம் தெரியவந்தது. வேட் அவளுடைய ஒரே மகன். பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு அழைப்பு வந்தபோது வியட்நாம் போக மறுத்து எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டான். கிளம்பிய அன்று காலை சாப்பாட்டு மேஜையில் வைத்து அவன் அப்பா, கோழைக்கு இந்த வீட்டில் நாற்காலி கிடையாது என்றார். அவள் அப்போது அங்கேயே, குழாயடியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வான்கூவரிலிருந்து அட்டை வரும். அப்பா அதைப் பிரிக்காமல் குப்பையில் போடுவார். அவள் குப்பையிலிருந்து எடுத்து விலாசத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வாள். போன ஏப்ரலில் அப்பா இறந்தார். தந்தி கொடுத்தாள். வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் மகன் வரவில்லை. அதற்குப் பிறகு தடுக்க யாரும் இல்லாதபோதும் அவளால் எழுத முடியவில்லை. காகிதத்தில் ஒன்றை எழுதிக் கோடு போட்டு அடித்தால் அடித்தது தெரிகிறது. புதுத் தாள் எடுத்தால் அதுவும் அப்படியே. *இந்த மெஷினில் அழித்தால் எழுதாத மாதிரியே ஆகிவிடுகிறது, வேட். அதனால்தான் தைரியம் வந்தது* என்று ஓரிடத்தில் எழுதினாள்.

இதையெல்லாம் படிக்க டெல்மருக்கு உரிமை இல்லை. அது அவனுக்குத் தெரியும். முதல் நாளே எழுந்து போய், "அந்த அறையிலேர்ந்து எனக்கு எல்லாம் தெரியுது, மிஸஸ் ரஸ்க்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் எழுதுவதை நிறுத்தியிருப்பாள். அவள் நிறுத்துவதை அவன் விரும்பவில்லை. வெறும் சோதனைக்காக இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

ஏனென்றால் அவன் இரண்டு மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தான். அறையில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, ஒன்றரைக்கெல்லாம் போய்த் திரையைப் போட்டு வைப்பான். மௌண்டன் வியூவில் அவன் குடியிருந்த வீட்டுக்கு மின்சாரக் கட்டணச் சீட்டும் பல் டாக்டரின் நினைவூட்டு அட்டையும் தவிரத் தபாலே வராது. அவனிடம் யாரும் இவ்வளவு நேரம், இவ்வளவு தயங்கித் தயங்கி, ஒரு சொல்லைப் போட்டு எடுத்து வேறு சொல் தேடிப் பேசியதில்லை. கடிதம் வேட்டுக்குத்தான். ஆனால் அது எழுத்து எழுத்தாக விழும்போது எதிரில் இருந்தவன் இவன்.

காபி மெஷின் அருகே பார்த்துக்கொள்ளும்போது இருவரும் பருவநிலை பற்றிப் பேசினார்கள்.

"மலைக்கு அந்தப் பக்கம் மூடுபனி இறங்கிடுச்சு போல, மிஸ்டர் க்விஸ்ட்."

"ஆமா. சாயங்காலத்துக்குள்ள இந்தப் பக்கமும் வந்துடும்."

"இன்னிக்கு எத்தனை தப்பு பண்ணினேன்?"

"பன்னெண்டு."

"குறையுதே! என்னை வேலைக்கு எடுத்துக்குவீங்களா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். வேட்டைப் பற்றி நாக்கு நுனிவரை வந்த ஒரு கேள்வியைக் காபியோடு விழுங்கினான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. அன்று அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தாள். நடுவில் இருந்த ஒரு பத்தியைக் கடைசிக்கு நகர்த்தினாள். நகர்த்த வேண்டுமென்றால் கட்டளை நிலைக்குப் போக வேண்டும், போனாள், சரியாகச் செய்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே காய்ந்த புல் மலையும் ஒரு ஓக் மரமும்தான். பத்து நிமிஷம் இருக்கும்.

டெல்மர் திரையின் அடி ஓரத்தைப் பார்த்தான். *கட்டளை* என்று இருந்தது. அவள் இன்னும் திரும்பி வரவில்லை.

அவள் கைகள் மெதுவாக மேலே எழுந்தன. கண்கள் ஜன்னலிலேயே இருந்தன. கடைசி வரியை அவள் மகனின் பெயரோடுதான் தொடங்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும்; முக்கியமான எதையும் அவள் அப்படித்தான் தொடங்குவாள். டபிள்யூ, ஏ, டி, ஈ. கட்டளை நிலையில் அந்த நான்கு எழுத்துக்கும் என்ன பொருள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் பூமியில் இல்லை. டபிள்யூ என்றால் முழுவதையும் தேர்ந்தெடு. ஏ என்றால் முன்பு தேடியதை மறுபடி தேடு. அவள் எதையும் தேடியிருக்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்காது. டி என்றால் அழி. ஈ என்றால் இருப்பதை இருந்தபடி சேமித்துவிட்டு மூடு.

அவன் பாதி எழுந்துவிட்டான். கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு போதும். அபாட்டியின் விதி நினைவுக்கு வந்தது. அதைவிட வேகமாக இன்னொன்று வந்தது: தட்டினால், அவள் திரும்பிப் பார்த்தால், இத்தனை நாளும் அவன் படித்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

அவள் நான்கு எழுத்தையும் அடித்தாள். ஒரு வினாடிகூட ஆகவில்லை.

திரை காலியாக இருந்தது. பழைய பிரதியின் மேல் அந்தக் காலித்தாள் சேமிக்கப்பட்டுவிட்டது.

அவள் கத்தவில்லை. ஏதோ ஒரு கீயைத் தட்டிப் பார்த்தாள், இன்னொன்றைத் தட்டினாள். "மன்னிச்சுக்கோ" என்று உதடு அசைந்தது. பிறகு எழுந்து நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள், பையை எடுத்துக்கொண்டாள். டெல்மரின் கதவருகே வந்து நின்றாள்.

"நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன், மிஸ்டர் க்விஸ்ட். உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. ஒண்ணும் ஆகல."

"நல்லவேளை" என்றாள். "இன்னிக்கு சீக்கிரம் போறேன், தலை வலிக்குது."

மறுநாள் அவள் வரவில்லை.

டெல்மர் அபாட்டியிடம் போய்ச் சொன்னான். கடிதம் என்று மட்டும் சொன்னான். யாருக்கு என்று சொல்லவில்லை. அபாட்டி விசில் அடித்தார்.

"முழுசும் போச்சா? இதுக்காகத்தானே சோதனையே! அந்த ஓரத்துல இருக்கற வார்த்தையைப் பெரிசாக்கு. கறுப்புக் கட்டம் போடு. முழுசும் அழிக்கறப்ப 'நிஜமாவா?'ன்னு ஒரு கேள்வி கேக்க வை."

"பெரிசாக்கினா பார்ப்பாங்களா?"

"ஏன் பார்க்க மாட்டாங்க?"

"அவங்க ஸ்கிரீனையே பார்க்கல, கார்வின். ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒருத்தர் என்ன சொல்லலாம்னு யோசிச்சுட்டு இருக்கறப்ப, 'எழுத்து மோடா, கட்டளை மோடா, இப்ப நான் எதுல இருக்கேன்'னு ஞாபகம் வச்சுக்க முடியாது. மெஷின்தான் அதை மறக்காம வச்சுட்டு இருந்தது. வச்சுக்கிட்டே இருந்து போட்டுத் தள்ளிடுச்சு."

"நீ எழுதின மெஷின்."

"ஆமா" என்றான் டெல்மர். "நான் எழுதினதுதான்."

சனிக்கிழமை கட்டிடத்தில் யாரும் இல்லை. காலையிலேயே வந்து, கீகள் பதிவான டேப்பை மாட்டினான். பதிவான ஒவ்வொரு கீயையும் மறுபடி எடிட்டருக்கு ஊட்டி, அந்த டபிள்யூவுக்கு முந்தைய கீயில் நிறுத்தும்படி ஒரு சிறு புரோகிராம் எழுதினான். இரண்டு நிமிஷத்தில் முடித்திருக்கலாம். வேகத்தை எங்கே வைப்பது என்று யோசித்தவன், ஏனென்று தெரியாமலே, அவள் தட்டிய அதே வேகத்தில் விட்டுவிட்டான்.

காலி அறையில், யாருடைய விரலும் இல்லாமல், எழுத்துகள் வரத் தொடங்கின. அவள் யோசித்த இடத்தில் திரையும் நின்றது. அவள் பின்வாங்கிய இடத்தில் பின்வாங்கியது. முன்பு நோட்டில் குறிப்பு எழுதக் குனிந்தபோது அவன் தவறவிட்ட வரிகளும் இப்போது வந்தன. *அப்பா கடைசியில் உன் பெயரைச் சொன்னார்.* அழிந்தது. *சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை.* அதுவும் அழிந்தது. *அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை.* இது நின்றது. டெல்மர் சாப்பிடப் போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் டேப் டபிள்யூவுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போனான். தெல்மா கதவைத் திறந்தாள். வீட்டு உடையில் அவள் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். அவன் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள், முதல் வரியைப் படித்தாள், வாங்கவில்லை.

"இது எப்படி உங்ககிட்ட?"

"நீங்க தட்டினதெல்லாம் டேப்ல பதிவாயிருக்கும். அதுலேர்ந்து எடுத்தேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நேத்தா?"

டெல்மர் அங்கேயே பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. மொத நாள்லேர்ந்து. நீங்க எழுதறது பக்கத்து ரூம்ல எனக்கும் தெரியும்."

அவள் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள். தெருவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் ஏதோ பந்து விளையாட்டு ஓடியது.

"அப்ப கடைசில நான் அவன் பேரை அடிச்சப்பவும் பார்த்துட்டுதான் இருந்தீங்க."

"ஆமா."

"அடிச்சா போயிடும்னு தெரியுமா?"

"தெரியும்."

"கண்ணாடியைத் தட்டியிருக்கலாமே."

"தட்டக் கூடாதுன்னு சோதனையில ஒரு விதி…"

"விதி" என்றாள் தெல்மா. பிறகு வேறு குரலில், "நானும் ஒரு தடவை அப்படி நின்னவதான். நீங்கதான் படிச்சிருக்கீங்களே. சோப்புக் கையோட, முதுகைக் காட்டிக்கிட்டு. எப்படி நிக்க முடியும்னு எனக்குத் தெரியும். அதனால உங்களை மன்னிச்சுடணும்னு இல்ல."

"இல்ல" என்றான் அவன்.

அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள். மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை காலைல ஃபோன் பண்ணிட்டேன் அவனுக்கு. இன்னொரு தடவை முதல்லேர்ந்து எழுத எனக்குத் தெம்பில்ல. ஆபரேட்டர்கிட்ட வான்கூவர்னு சொன்னேன், பேரைச் சொன்னேன், நம்பர் குடுத்துட்டா. அவ்வளவு சுலபம். அஞ்சு வருஷம்."

"பேசினாரா?"

"பேசினான். பெரிசா ஒண்ணும் இல்ல. அங்க ஒரே மழையாம். மரக்கடையில வேலையாம். நான் இங்க மழையே இல்லன்னேன். நாலு நிமிஷம் இருக்கும்." தாளைப் பார்த்தாள். "இதுல இருக்கறது எதையும் சொல்லல. ஃபோன்ல வரல எனக்கு. வச்சுக்கறேன் இதை. பார்க்கலாம்."

அவன் போகத் திரும்பினான். அவள் கூப்பிட்டாள்.

"நான் அழிச்சேனே, அதெல்லாமும் அந்த டேப்ல இருக்கா?"

"இருக்கு."

"அவங்கப்பா பத்தி எழுதினது?"

"அதுவும்."

"அதையும் அழிச்சிருங்க, மிஸ்டர் க்விஸ்ட். நான் அழிச்சது அழிஞ்சதாவே இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டேப்பை மாட்டி, முழு நீளத்துக்கும் வெறுமையை எழுதி, அதன் மேல் இன்னொரு முறையும் எழுதினான். பிறகு அபாட்டியிடம் போய்ச் சொன்னான். அபாட்டி அவ்வளவு கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"மூணு வாரம்! நம்மகிட்ட இருந்த ஒரே உருப்படியான டேப்! பைத்தியமா உனக்கு?"

"அவங்க கேட்டாங்க."

"அவங்க கேட்டா? அது கூடத்தோட சொத்து, டெல்மர்!"

"இல்ல. அந்த அம்மாவோடது."

அபாட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றே டெல்மர் நினைத்தான். அனுப்பவில்லை, அந்த எடிட்டரை மார்ச்சுக்குள் வேறு யாராலும் தொட முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

"சரி. டேப் இல்ல. நோட்டு இருக்கு. என்ன பண்ணப் போற, கறுப்புக் கட்டமா?"

"மோடையே எடுத்துடப் போறேன்."

"எதை?"

"ரெண்டையும். டின்னு தட்டினா டிதான் வரணும். எப்பவும். யார் தட்டினாலும், எங்க பார்த்துட்டுத் தட்டினாலும். உத்தரவுக்கு ஓரத்துல தனிக் கீ. அழிக்கணுமா, அழிக்க வேண்டியதை முதல்ல காட்டு, அப்புறம் அந்தக் கீயைத் தட்டு. அழிச்சதைக் கொஞ்ச நேரம் மெஷினே பத்திரமா வச்சிருக்கும். வேணும்னா திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம். வேணாம்னா நிஜமாவே போயிடும்."

"உன் மூணு வருஷ வேலைல பாதியைக் குப்பைல போடற."

"பாதிக்கு மேல."

குளிர்காலம் முழுவதும் அதில் போயிற்று. அவன் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனால் கஷ்டம் புரோகிராமில் இல்லை, விரல்களில் இருந்தது. பழக்கத்தில் கட்டளை என்று நினைத்து அவன் எதையாவது தட்டுவான். திரையில் ஒரு அனாதை டபிள்யூ வந்து நிற்கும். ஒரு நாளில் நாற்பது முறை. தெல்மாவின் முதல் நாள் கணக்கைவிட அதிகம். முன்பு பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், "என்ன க்விஸ்ட், கை துருப்பிடிச்சுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியத்தை யார் நின்று பார்ப்பார்கள்?

ஜனவரியில் மறுபடி சோதனைக்கு ஆள் வந்தபோது, டெல்மர் முதல் வேலையாக அவரைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியையும் திரையையும் காட்டினான். "நீங்க அங்க அடிக்கறது இங்க எனக்குத் தெரியும். எல்லாமே. அழிக்கறதும்." அபாட்டி தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர்கள் அதற்குப் பிறகு சமையல் குறிப்புகளும் பேஸ்பால் கணக்குகளும்தான் அடித்தார்கள். தவறுகள் இரண்டாகவும் மூன்றாகவும் குறைந்தன. சில நாள் நோட்டில் எழுத ஒன்றுமே இருக்காது. அவன் திரையில் ஒருவரும் ஒரு சொல்லுக்காகப் பத்து நிமிஷம் நிற்கவில்லை.

மார்ச்சில் புத்தகக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். அடித்தார்கள், அழித்தார்கள், திரும்பப் பெற்றார்கள், எழுந்தார்கள். எதுவும் தொலையவில்லை, யாரும் "அடடா" என்று சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் எழுத்துருவின் அழகைப் பாராட்டினார். அது வேறொருவர் செய்தது. சாப்பாட்டு மேஜையில் முழுக்க அச்சு இயந்திரத்தைப் பற்றியே பேச்சு. அபாட்டி மட்டும் போகும்போது டெல்மரின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதில்ல?"

"தெரியுது" என்றான்.

எல்லோரும் போன பிறகு, மூன்று மணி இருக்கும், அவன் தன் அறைக்கு வந்து ஃபோனை எடுத்தான். புது எடிட்டரை ஒரு தடவை வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று பல வாரமாக நினைத்துக்கொண்டிருந்தான். சோதனை இல்லை, பதிவு இல்லை, அந்த அறையில் நானும் இருக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தான். அதை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாக எழுதியும் பார்த்திருந்தான்.

ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் குழந்தை அழுதது.

"மிஸஸ் ரஸ்க்கா? அவங்க காலி பண்ணிட்டாங்களே. பிப்ரவரியில. இப்ப நாங்க இருக்கோம்."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"வடக்க, பார்டர் பக்கத்துல ஏதோ ஊர்னு சொன்னாங்க. விலாசம் எதுவும் குடுக்கல. நீங்க சொந்தமா?"

"இல்ல" என்றான் டெல்மர். "கொஞ்ச நாள் ஒரே இடத்துல வேலை பார்த்தோம்."

"ஏதாவது சொல்லணுமா? தபால் எடுக்க யாராவது வந்தா சொல்றேன்."

டெல்மர் யோசித்தான். மறுமுனையில் அந்த ஆள் குழந்தையைத் தட்டிக் கொடுத்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"வேணாம்" என்றான். "ஒண்ணும் இல்ல."

ஃபோனை வைத்தான். மேஜையில் கிடந்த நோட்டையும் பென்சிலையும் இழுப்பறைக்குள் போட்டான். பக்கத்து அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தான். மலைமுகட்டைத் தாண்டி மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.